சுருளாத முள்ளெலி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே என் கொழுந்தனார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நங்கையாகிட்டப் பேசறதுக்கு முந்தி ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுக்கோணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தையில் தராசைத் தட்டுகிறவன், வாய்க்காலில் மடையைத் திருப்பிவிடுகிறவன், ஒருத்தரையும் நான் விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட என் பேச்சு என் வாசலுக்குள்ளேயே ஒரு நாள் எடுபடாமல் போனது. அன்றைக்குத்தான் அது எடுபட்டிருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் காடு. காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு இல்லை. வானம் பார்த்த நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம், வாயில் வருவது கோயமுத்தூர்ப் பேச்சு. ஒரே வாசலில் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். இன்னொன்றில் கொழுந்தனாரின் மனைவியும் அவர்கள் பெண் குழந்தையும். கொழுந்தனார் உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. நோம்பி, பண்டிகைக்குத்தான் கீழே இறங்குவார். அவர் மனைவி என்னை அக்கா என்பாள், நான் அவளைச் சின்னவள் என்பேன். எனக்குக் குழந்தை இல்லை. அதனால் அவள் பெற்றதை இருவரும் வளர்த்தோம். பால் குடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அது என் இடுப்பில்தான் இருக்கும். பேச்சு வந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டது. சின்னவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

எங்கள் காட்டுக்கு வர ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற அளவுக்குத் தடம். வேலிக்கு அடியில் கற்றாழையும் சருகும் கல்லும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து கிடக்கும். அதில்தான் முள்ளெலிகள் இருந்தன. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அது முள்ளம்பன்றி இல்லை. முள்ளம்பன்றி மலையில் இருக்கிற பெரிய பிராணி, அதன் முள்ளில் பேனா செய்யலாம். முள்ளெலி உள்ளங்கையில் அடங்கிவிடும். சுண்டெலி மாதிரிக் கூர்மூக்கு, முகம் வெளுப்பு, முதுகெல்லாம் குத்தீட்டி. பொழுது சாயும்போது சருகைக் கிளறிக்கொண்டு வரும். புழு, கறையான், வண்டு, எதுவும் தப்பாது. ஆள் அரவம் கேட்டால் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டுப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அவ்வளவுதான் அதன் வீரம். நாயானாலும் நரியானாலும் அந்தச் சுருளைப் பிரிக்க முடியாது.

மனிதன் பிரித்துவிடுவான். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் போதும், மூச்சுக்காக அதுவே பிரிந்து நீந்தும். அப்போது தலையில் ஒரு தட்டு.

எதற்கு என்றால், கக்குவானுக்கு. குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளெலி முள்ளைச் சுட்டுச் சாம்பலைத் தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும், கறியைச் சாறு காய்ச்சிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இது எல்லோர் வீட்டிலும் உண்டு. உரித்த தோலைச் சாம்பல் தடவிக் காயவைத்து அடுப்படிக் கூரையில் செருகி வைப்பார்கள். எந்த வீட்டில் தோல் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு எந்த ஊர்க்காரி வேண்டுமானாலும் இருமுகிற குழந்தையோடு வரலாம். இல்லை என்று சொல்லக் கூடாது, பதிலுக்கு ஒன்றும் வாங்கவும் கூடாது. வீட்டுக்காரி தன் கையால் முள்ளைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான், மனிதர்களுக்கு. முள்ளெலிக்கு யார் வழக்கம் வைத்தார்கள்? ஒவ்வொரு கக்குவான் காலத்திலும் நாய்களைக் கூட்டிக்கொண்டு வேலி வேலியாகக் கிளறுவார்கள். கோணியில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர்களும் இருந்தார்கள். நான் கத்துவேன். "அது தின்ற புழுவை நாளைக்கு நீயா வந்து தின்னப்போறே?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஆனாலும் அந்தக் கொலைக்கெல்லாம் ஈடுகொடுத்து முள்ளெலி பிழைத்துத்தான் கிடந்தது. அதன் பிறகு வந்ததுதான் பெரிய கேடு. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கரண்ட் வந்தது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது. தண்ணீர் வந்ததும் ஆளாளுக்கு அங்குல நிலம்கூடப் பெரிதாகிவிட்டது. வேலி எதற்கு இவ்வளவு அகலம் என்று கிளுவையை வேரோடு பிடுங்கிக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தார்கள். சருகுக் குவியலுக்கு வைத்த தீ பகலெல்லாம் எரிந்தது. இட்டேரியில் பாதியைத் தார் ரோடாக்கினார்கள். கோயமுத்தூர் லாரிகள் அதில் வந்தன. காலையில் பால் கொண்டுபோகும்போது ரோட்டில் முள்ளெலி அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடக்கும், முள்ளு மட்டும் தெரியும். சுருண்டுகொண்டால் எல்லாம் விலகிப் போய்விடும் என்றுதான் அதற்குத் தெரியும். லாரி விலகுமா? முதலில் வாரத்துக்கு ஒன்று பார்த்தேன். பிறகு அதுவும் இல்லை. ரோட்டில் செத்துக் கிடப்பதைப் பார்க்கவில்லையே என்று வயிறு எரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கடைசியாக, எங்கள் கிணற்றுக்குப் பின்னால் மிஞ்சிய இட்டேரித் துண்டில் ஒன்றே ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வேலியையும் எடுக்க வந்தபோது நான் குறுக்கே நின்று கத்திய கத்தில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் போனார். பொழுது சாயும் நேரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்காருவேன். அது வரும். குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு என் காதில் சொல்லும், "பெரிம்மா, முள்ளுக்குட்டி." எங்களைத் தவிர யாருக்கும் அது அங்கே இருப்பது தெரியாது. சின்னவளுக்குக்கூட நான் சொல்லவில்லை. பிள்ளை வாய் சும்மா இருக்குமா? அவளுக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த ஆண்டு கடலைக்காய் முளைத்து இரண்டு இலை விட்டதும் கம்பளிப்புழு இறங்கியது. நான் அதுவரைக்கும் அப்படி ஒரு புழுக்கூட்டத்தைக் கண்டதில்லை. தரை நகர்கிற மாதிரி இருந்தது. அதே நேரத்தில்தான் ஊரில் கக்குவானும் பரவியது. குழந்தைக்கு முதலில் சளி என்றுதான் நினைத்தோம். பிறகு அந்த இழுப்பு வந்தது. இருமி இருமி மூச்சே இல்லாமல் முகம் நீலமாகும், கண் பிதுங்கும், கடைசியில் சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு உள்ளே போகும். அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் வாசலில் நிற்கிற எங்கள் இருவர் உயிரும் எங்களிடம் இருக்காது.

எங்கள் தாலுகா ஆசுபத்திரி இருக்கிற சித்தூருக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுத்தார்கள். குடித்த மருந்தையும் சேர்த்துக் கக்கியது. சின்னவள் ஊர் ஊராகப் போய்த் தோல் கேட்டாள். எந்தக் கூரையிலும் தோல் இல்லை. இருந்த ஒன்றிரண்டிலும் முள் பூராவும் பிடுங்கி முடிந்து வெறும் சக்கை. வீட்டுக்காரிகள் அந்தச் சக்கையை எடுத்துக் காட்டி அழுதார்களாம், இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததற்காக. ஏலக்காய் வாங்க மலைக்குப் போகும் ராவுத்தர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம், "கொளந்தைக்குக் கக்குவானுங்க, முள்ளுக் கெடைச்சா எடுத்துட்டு உடனே வரச் சொல்லுங்க" என்று உடும்பஞ்சோலைக்குச் சொல்லி அனுப்பினாள்.

பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அது எங்கெ இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. கொளந்தை சொல்லியிருக்குது."

"சாம்பல்ல இருமல் போவுமா, சின்னவளே? போன வருசம் எத்தனை கொளந்தைக்குத் தடவுனாங்க, எது நின்னுச்சு? மறுபடி சித்தூர் போலாம், வா."

"நீங்க நம்ப வேண்டாமுங்க. எனக்குக் குடுங்க. நான் நம்பறனுங்க."

அதற்குள் உள்ளே இருமல் தொடங்கிவிட்டது. ஓடினோம். அந்த முறை கூவல் சத்தம் வரவே இல்லை. நான் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். சின்னவள் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். ஏதோ ஒரு தெய்வம் இரங்கியது, மூச்சு வந்தது. வந்ததும் நான் எழுந்து கோணியையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் போனேன். சாம்பலில் எனக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முகத்தின் நீலத்தைப் பார்த்த பிறகு நம்பிக்கையாவது மண்ணாவது! முள்ளெலியே என்னை மன்னிச்சிரு, உன் முள்ளைக் கொடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கல்லைப் புரட்டினேன். கற்றாழை கிழித்துக் கையெல்லாம் ரத்தம். பொந்து இருந்தது, மெத்தை மாதிரிச் சருகு இருந்தது. அது இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கடலைக்காட்டிலிருந்து காட்டமாக ஒரு நெடி வந்தது. எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்டிரின் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே பாதிக் காட்டுக்கு அடித்து முடித்திருந்தார். ஆசுபத்திரி அலைச்சலில் நான் கவனிக்கவில்லை. புழுக்கள் கொத்துக்கொத்தாகத் தரையில் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பொறுக்கித் தின்ற எங்கள் சிவப்புக் கோழி வேலியோரம் கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமாகச் சுற்றியது, வாயில் நுரை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. கோழியைக் குழி தோண்டிப் புதைத்தேன். யாரும் எடுத்துச் சமைத்துவிடக் கூடாதே என்று மேலே கல்லும் வைத்தேன். என் புத்தி அதுவரைக்கும்தான் போனது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் சித்தூர் போனேன். குழந்தையைப் பஸ்ஸில் குலுக்கப் பயமாக இருந்தது. டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டு நிலைமையைச் சொன்னேன். "குட்டியெக் கொண்டுவரணம், இன்னு தன்னே" என்றார் மலையாளத்தில், குழந்தையை இன்றைக்கே கொண்டுவர வேண்டுமாம்; மருந்தும் கொடுத்தார். வாடகைக் கார் ஒன்றைப் பேசினேன்; கையிலிருக்கிற சவாரியை முடித்துவிட்டு நேராக ஊருக்கு வருவதாகச் சொன்னார் கார்க்காரர். அதற்கு முன்னால் பஸ்ஸில் நான் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. வாசலில் கால் வைக்கும்போதே கறிச்சாறு வாசனை.

சின்னவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

"அக்கா, சாமி கண்ணைத் தொறந்துருச்சுங்க! கெடைச்சிருச்சு!"

"என்ன கெடைச்சிருச்சு?"

"நீங்க போன பின்னால கெணத்துக்குத் தண்ணிக்குப் போனனுங்க. பட்டப்பகல்ல, தொட்டிக்கிட்ட அதுவா நடந்து வந்துச்சுங்க அக்கா. தொட்டேன், சுருளவே இல்லீங்க. புஸ்ஸுங்கலை. என்னை எடுத்துக்கோன்னு வந்தாப்பல நின்னுச்சு. தண்ணியிலகூடப் போட வேண்டியதில்லாமப் போச்சுங்க."

பட்டப்பகலில் வெளியே வராத பிராணி. தொட்டால் சுருளாத முள்ளெலி ஒன்று உண்டா? உயிர் போனாலும் அந்தச் சுருளை விடாதே அது! சிவப்புக் கோழி சுற்றியது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. இவள் மடியில் குழந்தை. கையில் கிண்ணம். கிண்ணம் குழந்தையின் வாயில்.

"குடுக்காதே! கீழ வை! அது எண்டிரின் தின்னதுடி!"

"என்னங்க அக்கா சொல்றீங்க?"

"புழுவைத் தின்னுட்டு வந்திருக்குது. நேத்துக் கோளி செத்தாப்பல. வெசம்டி, வெசம்!"

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காலையில சாம்பல் தடுவுனனுங்க. அதுக்கப்புறம் கொளந்தை ஒருக்காக்கூட இருமலே. அசந்து தூங்குச்சு. வெசமா இருந்தாத் தூங்குமா? நேத்துக் கேட்டப்பக் குடுக்க மனசில்லீங்க. இன்னைக்கு சாமி குடுத்தது பொறுக்கலீங்களா?"

"அட கெரகமே, நான் ஏன்டி பொறுக்காமப் போறேன்? என்ற கொளந்தைடி அது!"

"உங்க கொளந்தையில்லீங்க. பெத்தவ நான். பெத்தவளுக்குத்தானுங்க தெரியும்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்தாள். ஒரு வாய் உள்ளே போயிருக்கும். நான் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அடுப்பில் இருந்த சட்டியைக் காலால் எட்டி உதைத்தேன். அத்தனையும் மண்தரையில் ஓடிச் சாம்பலோடு கலந்தது. சின்னவள் குழந்தையைப் பாயில் போட்டுவிட்டுத் தரையில் விழுந்து இரண்டு கையாலும் அந்தச் சாற்றை அள்ளப் பார்த்தாள். அள்ள முடியவில்லை. நான் அவளைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைக் கடித்தாள். குழந்தை பயந்து அழுதது, அழுகை இருமலாயிற்று.

கார் வந்தது. நான்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். சின்னவள் பின்னால் ஓடிவந்து ஏறினாள். போகும் வழியெல்லாம் குழந்தையின் கால் என் மடியில், தலை அவள் மடியில். குழந்தை ஒரு முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "முள்ளுக்குட்டி எங்கெ?" என்றது.

சித்தூரில் அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது குழந்தை இல்லை. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது என்றார் டாக்டர். நான் அந்தச் சாற்றைப் பற்றிச் சொன்னேன். ஒரு வாய்தானே, அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது, இருமலே போதும் என்றார். அந்த ஒரு வாயா, இருமலா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சின்னவளுக்குத் தெரியும். நான் மண்ணில் கொட்டிய மருந்துதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள்தான் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். மலையில் மழை, ரோடு உடைந்து மூணாற்றிலேயே பஸ் நின்றுவிட்டதாம். ராவுத்தர் சொன்னதில் அவருக்குப் புரிந்ததெல்லாம் முள் வேண்டும் என்பதுதான். ஏலத்தோட்டத்தில் கிழங்கு தோண்ட வருகிற முள்ளம்பன்றி உதிர்த்த நீள நீளமான முட்கள், கறுப்பும் வெள்ளையும், ஒரு கட்டுக் கட்டி வாழைநாரால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கட்டை முன்னால் நீட்டியபடியே வாசலுக்குள் வந்தார். "நெறையக் கெடைச்சுதுங்க நங்கையா, ஊருக்கே பத்தும்" என்றார். அது எதற்கும் உதவாது, இது வேறு பிராணி என்று அவரிடம் யார் சொல்வது? என் வீட்டுக்காரர்தான் அந்தக் கட்டைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

என் வீட்டுக்காரரை நான் திட்டவில்லை. புழு தின்று முடித்திருந்தால் அந்த வருஷம் சோற்றுக்கு வழியில்லை. அவர் என்ன செய்வார்? எல்லோரும் அடித்தார்கள், அவரும் அடித்தார். கடலைக்காய் நன்றாகத்தான் விளைந்தது. அதற்கடுத்த வருஷம் புழு இன்னும் அதிகம். புழுவைத் தின்ன எதுவும் மிஞ்சவில்லையே, காக்கையைத் தவிர! இன்னும் பெரிய டின் வாங்கினார்கள். பொழுது சாயும்போது நான் கிணற்று மேட்டில் போய் உட்காருவேன். சருகு அசைந்தால் எழுந்து பார்ப்பேன். ஓணானாக இருக்கும். அந்தத் துண்டு வேலியை நானே இருந்து காத்தேன், உள்ளே ஒன்றும் இல்லாத வேலியை.

ஒன்று மட்டும் சொல்லவில்லை. நான் சட்டியை உதைத்தபோது தோல் அதில் இல்லை. அதற்கு முன்பே உரித்துச் சாம்பல் தடவிக் கூரையில் செருகிவிட்டாள் சின்னவள். அதை எடுத்து எரித்துவிட வேண்டும் என்று நான் எத்தனையோ முறை பார்த்தேன். அந்த அடுப்படிக்குள் என்னை அவள் விடவில்லை. அதன் பிறகு எங்கள் சுற்றுவட்டாரத்தில் தோல் உள்ள வீடு அவள் வீடு ஒன்றுதான். கக்குவான் வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. வாசலில் நின்று, தன் கையால், முள் முள்ளாகப் பிடுங்கிக் கொடுத்தாள். நான் என் வீட்டு வாசலில் நின்று, "கொளந்தைக்கு அதைக் குடுக்காதீங்க, ஆசுபத்திரிக்குப் போங்க" என்று கத்துவேன். பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

தோல் வழுக்கையாகிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒருத்தி வந்தாள், சின்ன வயசு, தலைச்சன் குழந்தை போலிருக்கிறது, வேலந்தாவளத்துக்கு அப்பாலிருந்து நடந்தே வந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் இருமி இருமித் துவண்டு கிடந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் உள்ளே போய்த் தோலை எடுத்துவந்து திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு முள்கூட இல்லை.

"தீந்து போச்சுங்க, அம்மிணி" என்றாள்.

"வேற எங்கயாவது கெடைக்குமுங்களா? காட்டுல இருக்காதுங்களா?"

"இல்லீங்க. கடைசியா ஒண்ணு இருந்துச்சு." சின்னவள் என் பக்கம் கையை நீட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை. "அதையும் அக்கா மண்ணுல கொட்டிட்டாங்க."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை என் பக்கமிருந்த தோளிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்துத் தோளில் சாத்திக்கொண்டாள்.